கால்மாட்டுக் கோழி

சன்னலோரம் நீங்களே இருங்க சார். நான் இப்படி நுனியில ஒக்காந்துக்கிறேன். காலை மடக்குனா நிமித்த முடியல, நிமித்துனா மடக்க முடியல, அதனால நடைபாதைப் பக்கம் நீட்டிக்கிட்டே வரணும். கண்டக்டர் மிதிச்சாலும் பரவால்ல. யாராவது ஏறி மிதிச்சா தேவலாம்னுதான் இருக்கு.

இந்தப் பை மட்டும் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கட்டும். சாயாம பாத்துக்கங்க. உள்ள ஒரு பாட்டில் இருக்கு. காப்பி இல்ல சார். பாத்தா கடுங்காப்பி மாதிரித்தான் இருக்கும். யாரும் தெரியாம எடுத்துக் குடிச்சிரக்கூடாதுன்னுதான் ரெண்டு பாலித்தீன் பையில முடிஞ்சு வச்சிருக்கேன். காலையில நான் போன ஒண்ணுக்கு. ஆமா, என்னோடதுதான். மூணு நாளா அந்தக் கலர்லதான் போகுது.

தள்ளி ஒக்காராதீங்க. ஒட்டாது, ஒட்டுற நோயின்னா எனக்கு முன்னாடி எங்க தெருவே படுத்திருக்கும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். அந்தா, முன்னாடி மூணாவது சீட்டு, பச்சைச் சேலை, திரும்பித் திரும்பிப் பாக்குறாளே, அவதான் நம்ம சம்சாரம். பஞ்சவர்ணம். பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லைல, அதனால ராணி மாதிரி முன்னாடி போயி ஒக்காந்துக்கிட்டா. இந்தா பாக்குறா. சிரிச்சேன் பாத்தீங்களா? அவ திரும்புறப்பல்லாம் சிரிக்கணும். சிரிக்கலைன்னா பஸ்ஸுன்னும் பாக்காம அழுதுருவா.

இப்ப அங்கிட்டுத் திரும்பிட்டா. இப்பப் பேசலாம்.

அவளுக்குத் தெரியாத விசயம் ஒண்ணு இருக்கு சார். வீட்டுல யாருக்கும் தெரியாது. ஒங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னா, நீங்க யாரோ நான் யாரோ. மதுரையில எறங்குனா ஒங்க வழி ஒங்களுக்கு. எனக்கு வழி இருக்கான்னு தெரியல.

என் மச்சான் என்னையக் கூப்புடுறான் சார், நான் செஞ்ச ஒரு காரியத்துக்காக.

அவன் செத்து ரெண்டு மாசமாச்சு.

சிரிக்கிறீங்க. நானும் ஒங்களமாதிரி சிரிச்ச ஆளுதான். ஊருல இருக்கிற எல்லாத்தையும் சிரிச்சு முடிச்சுட்டேன், இப்ப என் பங்கு வந்துருக்கு.

பேரு சோணைமுத்து. உசிலம்பட்டியில வீட்டு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடுறேன். இருபத்திரண்டு வருசமா இதே தோளு, இதே வேலை. எந்த வீட்டு அடுப்பு இன்னும் எத்தனை நாளைக்கு எரியும்னு கேளுங்க, சொல்லுவேன். எந்த வீட்டுல மாமியாளும் மருமகளும் தனித்தனியா ஒலை வைக்கிறாங்கன்னு கேளுங்க, அதையும் சொல்லுவேன். காலி சிலிண்டரைத் தட்டிக்கிட்டே தெருவுக்குள்ள போனா பொம்பளைகள்லாம் வாசலுக்கு வந்துருவாங்க. சிலிண்டருக்காக இல்ல. இன்னைக்கு இவன் யாரை என்ன சொல்லப்போறான்னு கேக்க. வாய் சார். மூணாங்கிளாஸ்ல வாத்தியாரு தொப்பையைப் பத்தி ஒண்ணு சொல்லப்போயி வகுப்பே உருண்டு சிரிச்சுச்சு. அன்னையோட எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரி. எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பேன். இங்கிலீஸுன்னா எறும்பு ஊர்றமாதிரி தெரியும்.

மச்சான் பேரு காசிமாயன். பஞ்சவர்ணத்தோட கூடப்பொறந்த அண்ணன். சந்தைப்பேட்டையில கறிக்கடை. நல்ல ஆகிருதி, ஒத்தைக் கையால முழு ஆட்டைத் தூக்கி கொக்கியில மாட்டுவான். மாமன் மச்சான்னா கேலி பேசுறதுக்கு லைசென்ஸ் எடுத்தமாதிரில்ல? நாளைக்கு ஒருக்கா அவனை வம்பிழுக்கலைன்னா எனக்குச் சோறு எறங்காது. அவனும் லேசுப்பட்டவன் இல்ல. என் சிலிண்டர் வண்டி கடையத் தாண்டுனா, மாப்ள, ஓந்தலையும் சிலிண்டரும் ஒண்ணுதான், தட்டுனாத்தான் காலியான்னு தெரியும்பான். 

போன வருசம் அவனுக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. மதுரையில ஒரு பிரைவேட் டாக்டருகிட்டப் போனான். ரத்தத்துல கொழுப்பு ஏறிக்கெடக்கு, இந்த மாத்திரையத் தெனம் முழுங்கணும், கறியத் தொடக்கூடாதுன்னுட்டாரு. கறிக்கடைக்காரனுக்குக் கறி ஆகாது. எனக்கு எப்படி இருக்கும்? தீவாளி சார். ஞாயித்துக்கெழம கூட்டம் நிக்கிறப்ப போயி நிப்பேன். ஏம்ப்பா, கடைக்காரரே சாப்பிடமாட்டேங்குறாராம்ல, ஆட்டுல எதுவும் கோளாறான்னு கேப்பேன். கத்தியத் தூக்கிக்கிட்டு வருவான். கூட்டம் சிரிக்கும்.

அப்புறம் கொஞ்ச நாள்ல கால் வலிக்குதுன்னான். தொடை வலிக்குதுன்னான். தோள்பட்டை கனக்குது, கத்தி தூக்க முடியலைன்னான். நான் விடுவனா? அவன் நடக்குறமாதிரியே தெருவுல நடந்து காமிப்பேன். முத்துப்பேச்சி, அவன் சம்சாரம், அதுவே முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். கறி திங்காத ஏக்கம்டா, காலுல எறங்கிருச்சுன்னேன். அவனும் சிரிச்சான். வலிக்கிறவன் சிரிப்பானா? நீங்களே சொல்லுங்க. அதனால எல்லாம் நடிப்புன்னு நெனச்சேன்.

மாசி மாசம் என் சின்ன மகளுக்குக் காதுகுத்து. ஏழு வயசு ஆயிப்போச்சு, நேந்துக்கிட்டது தள்ளிக்கிட்டே போயி அப்பத்தான் அமைஞ்சுச்சு. எங்க சாமி கோயிலு ஊருக்கு வெளிய. தாய்மாமன் மடியில ஒக்காத்தி வச்சுத்தானே குத்தணும். காசிமாயன் சம்மணம் போட்டு ஒக்காந்தான், புள்ளையத் தூக்கி மடியில வச்சோம், ஆசாரி குத்திமுடிச்சாரு, புள்ள அழுதுக்கிட்டே எறங்கி ஓடிருச்சு. இவன் எந்திரிக்கல.

எந்திரிக்கல சார். மொய் வாசிக்கிற மைக்கு என் கையில இருந்துச்சு. நான்தான் எங்க விசேசத்துக்கெல்லாம் மைக்கு. அவன் என்னையப் பாத்துக் கையை நீட்டுனான். மாப்ள, கை குடுன்னான். நான் என்ன செஞ்சேன், நீட்டுன கையில மைக்கைக் குடுத்துட்டேன். தாய்மாமன் பேச ஆசைப்படுறாரு, எல்லாரும் கை தட்டுங்கன்னேன். எறநூறு பேரு. அப்படி ஒரு சிரிப்பு. அவனும் மைக்க வாங்கி, எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போகணும்னு சொன்னான். சொல்லிப்புட்டு நாலு கால்ல தவந்து போயி, பந்தக்காலைப் பிடிச்சு எந்திரிச்சான். தாய்மாமனுக்கும் இன்னைக்குத்தான் தவழுற வயசுன்னு நான் கத்துனேன். மைக்கு இல்லாமலே எல்லாருக்கும் கேட்டுச்சு.

நல்ல விசேசம். சாப்பாடுதான் கடைசிப் பந்திக்குப் பத்தல.

அது நடந்து அஞ்சாவது வாரம். சனிக்கெழம. கடையத் தெறந்து ஆட்டை மாட்டப்போனவன் அப்படியே சரிஞ்சிருக்கான். 108-ல ஏத்திவிட்டோம். திரும்பி வேற வண்டியிலதான் வந்தான். முத்துப்பேச்சி மாருல அடிச்சுக்கிட்டு அழுகுது, காதுகுத்துக்கு அப்புறம் மாத்திரையவே தொடலையே, முழுங்கு முழுங்குன்னு சொன்னேனே, கேக்கலையேன்னு. எனக்கு அவன் மேல அப்படி ஒரு கோவம். டெய்லி ஒரு மாத்திரை முழுங்குறதுக்கு என்ன கேடு? முழுங்கியிருந்தா இருந்திருப்பான்ல?

இப்பத்தான் சார் அந்த விசயத்துக்கு வர்றேன். அவ திரும்பலைல? சரி.

சனிக்கெழம செத்தா எங்க பக்கம் ஒரு பயம் உண்டு. போறவன் துணைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுக்குவான்னு. அதுக்காகப் பாடையில கோழி கட்டுவாங்க. உசுரோட. அந்தக் கோழிதான் துணை. அன்னைக்கும் ஒரு செவலைக் கோழி, பாதி வளந்தது, கால்மாட்டுல மஞ்சக் கயிறு போட்டுக் கட்டுனாங்க. கால்மாட்டுல தோள் குடுத்தது நான். மாப்பிள்ளைல்ல. அந்தக் கோழி சரியா என் காது பக்கத்துல. கத்துதுன்னா அப்படிக் கத்துது. காதுமடலக் கொத்துது. ஒருபக்கம் அவன் கனம், ஒருபக்கம் கொட்டுச் சத்தம், ஒருபக்கம் இது. ரெண்டு தெரு தாங்குனேன். மூணாவது தெரு மொனையில, யாரும் பாக்கலைன்னு, ஒத்தைக் கையால முடிச்சை உருவிவிட்டேன்.

எதுக்குச் செஞ்சேன்னு கேட்டா எனக்கே தெரியல. பாவம்னு செஞ்சேனா, வெளையாட்டுக்குச் செஞ்சேனா. அது பறந்து சாக்கடையத் தாண்டி ஓடுச்சு. காசிமாயன் இருந்தா எப்படிச் சிரிப்பான்னு மனசுக்குள்ள நெனச்சேன், அது நெசம். முடிச்சு அவுந்துருச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. வேற கோழி தேடுறதுக்கு நேரமில்ல. அப்படியே போயிட்டோம்.

துணையில்லாம அனுப்புனது நான் சார். நான் ஒருத்தன்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு முத்துப்பேச்சி அவன் சாமானையெல்லாம் பிரிச்சுக் குடுத்துச்சு. வாச்சு அவன் மகனுக்கு. ரெண்டு சட்டை எனக்கு, எனக்கு அது கூடாரம் மாதிரி. அப்புறம் ஒரு காக்கிக் கவரு. உள்ள அவன் மாத்திரை, அட்டை அட்டையா, ரெண்டு மாசத்துக்கு வாங்கி வச்சது. விலை ஒசந்த மாத்திரைண்ணே, குப்பையில போட மனசு வரலைன்னுச்சு. பஞ்சவர்ணம் வாங்கி மடியில வச்சுக்கிட்டா. எங்கண்ணன் முழுங்காமப் போயிருச்சு, நீங்களாவது முழுங்குங்கன்னா. அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுட்டேன்.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில எனக்கும் ரத்தம் எடுத்துப் பாத்திருந்தாங்க. எனக்கும் கொழுப்பாம். ஊருக்கே தெரியும்னு சொன்னா பஞ்சவர்ணம். நர்ஸம்மா வெள்ளை மாத்திரை குடுத்துச்சு, ராத்திரிக்கு ஒண்ணு. ஆக, ராத்திரிக்கு வெள்ளை ஒண்ணு, மச்சானோட மஞ்சள் ஒண்ணு. இது கவர்மெண்டு, அது பிரைவேட். ரெண்டும் இருந்தா நெஞ்சுக்கு ரெண்டு பூட்டு போட்டமாதிரின்னு நெனச்சேன். என்னைய மாதிரி ஒழுங்கா மாத்திரை முழுங்குன ஆளு உசிலம்பட்டியிலயே இருக்கமாட்டான். ஒரு நாள் தவறல.

பயம்தான் சார். வேறென்ன. மச்சான் போன வேகத்தைப் பாத்தேன்ல.

மூணு வாரம் இருக்கும். ஒருநாள் காலையில எந்திரிக்கிறேன், தொடை ரெண்டும் யாரோ ராவெல்லாம் பிசைஞ்சுபோட்டமாதிரி கெடக்கு. வேலையில பிடிச்சிருக்கும்னு நெனச்சேன். மறுநாள் தோளு. அதுக்கு மறுநாள் மாடிப்படி ஏறினா முட்டிக்கு மேல ஆளு தொங்குறமாதிரி கனக்குது. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. தொடை. தோளு. அதே எடம் சார். காசிமாயன் சொன்ன அதே எடம், வரிசை கூட மாறல.

காலைப் பிடிச்சு இழுக்குறான்னு நெனச்சேன். கால்மாட்டுல தூக்குனவன் காலைத்தானே பிடிப்பான்.

பாங்க்குக்குப் பின்னாடி மூணு மாடி வீடு ஒண்ணு இருக்கு, டீச்சரம்மா வீடு. எப்பவும் ஒரே மூச்சுல ஏறுற படி. அன்னைக்கு ரெண்டாவது மாடித் திருப்பத்துல, தோள்ல முழுச் சிலிண்டர், வலது காலு இல்லாமப் போச்சு. இருக்கு, ஆனா இல்ல. சுவத்துல சாஞ்சு, சிலிண்டரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அப்படியே சறுக்கி ஒக்காந்துட்டேன். டீச்சரம்மா மேல நின்னு எட்டிப்பாத்து, என்ன சோணை, இன்னைக்குப் புது நடிப்பாங்குது. கை குடுங்கம்மான்னேன். நடிச்சது போதும், அடுப்புல பால் இருக்கு, சீக்கிரம் வாங்கன்னுட்டு உள்ள போயிருச்சு. அதைக் குத்தம் சொல்லக்கூடாது. வாரம் ஒரு நாடகம் போடுறவன் நான். அந்தச் சிலிண்டரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு கால்மணிநேரம் ஒக்காந்திருந்தேன். உருண்டுச்சுன்னா கீழ்வீட்டு வாசல்ல புள்ளைக வெளையாடுதுக. வேர்த்துக் கொட்டுச்சு. அன்னைக்கு வந்த பயம் இன்னும் போகல.

கோடாங்கி ஒருத்தரு இருக்காரு எங்க ஊருல, உடுக்கடிச்சுக் குறி சொல்லுவாரு. அவருகிட்டப் போனோம். நான் வாயே தெறக்கல சார். பஞ்சவர்ணம் மட்டும் வெளிய அவரு சம்சாரத்தோட கொஞ்சநேரம் பேசிக்கிட்டிருந்தா, அரைமணிநேரம் இருக்கும். உள்ள போனதும் அந்தாளு உடுக்கைய அடிச்சுப்புட்டுக் கண்ணை மூடிச் சொல்றாரு, ஆசையோட போன ஒருத்தன் கால்மாட்டுல நிக்கிறான், அவனோட துணையை வழியில பறிகுடுத்துட்டான், அதைக் கொண்டாந்து விடுங்கன்னு. எப்படித் தெரிஞ்சுச்சு அவருக்கு?

புதுக்கோழி ஒண்ணு வாங்கி சுடுகாட்டுல விட்டேன். வலி கூடுச்சே தவிர குறையல. அதே கோழி வேணும்போலன்னு நெனச்சேன். சொன்னா நம்பமாட்டீங்க, அந்தக் கோழியப் பாத்தேன் சார். மூணாவது தெரு டீக்கடைக்குப் பின்னாடி. பன்னும் வடையும் தின்னு நல்லா கொழுத்துக் கெடக்கு, காலுல மஞ்சக் கயிறு அறுந்து தொங்குது. வெரட்டுனேன். அது ஓடுது, நான் ஓடுறேன்னு நெனச்சுக்கிட்டு நடக்குறேன். டீக்கடையில இருந்தவங்கல்லாம் சிரிக்கிறாங்க. கோழி ஜெயிச்சுருச்சுன்னு ஒருத்தன் கத்துறான். சாக்கடை ஓரமா குப்புற விழுந்தேன். கையை ஊனி எந்திரிக்கப் பாக்குறேன், கையும் நிக்கல. அது சுவத்து மேல ஏறி நின்னு என்னையப் பாக்குது. அதுக்கு என்ன, அது தப்பிச்சுருச்சு.

அன்னையில இருந்து பஞ்சவர்ணத்துகிட்டச் சொல்லி மஞ்சள் மாத்திரையக் காலையிலயும் ஒண்ணு போட ஆரம்பிச்சேன். காலை அவன் கொண்டுபோனாலும் போகட்டும், நெஞ்சைக் காப்பாத்திக்கிரணும்ல. சின்னவளுக்கு ஏழு வயசு.

வலி தாங்காம மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரையும் ஒரு வாரம் தின்னேன். அப்புறம்தான் இந்தக் கடுங்காப்பி. நேத்து நர்ஸம்மா பாத்துட்டு மூஞ்சியே மாறிப்போச்சு. என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டுச்சு. நீங்க குடுத்தது மட்டும்தான்மான்னேன். பின்ன? பிரைவேட் மாத்திரையும் திங்கிறேன்னு சொன்னா, அப்ப அங்கேயே போன்னு சொல்லிருச்சுன்னா? அது சும்மா மாத்திரை குடுக்கிற எடம், அதை எதுக்குக் கெடுத்துக்கிரணும். வெள்ளை மாத்திரைய இப்போதைக்கு நிறுத்துங்க, இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, 108 கூப்பிடுறேன்னுச்சு. நான் வேணாம்னுட்டேன். அந்த வண்டியில ஏறுனவனத்தான் பாத்தேனே. விடிஞ்சதும் பஸ்ஸுல போறேன்மான்னேன். இது கிட்னி சம்பந்தம், வெளையாடாதீங்கன்னுச்சு. என்னையப் பாத்தா எல்லாருக்கும் வெளையாடுறதாத்தான் தெரியுது.

எது வந்துருச்சு, செக்கானூரணியா? இன்னும் இருக்கு.

அந்தா, தண்ணி பாட்டிலக் குடுத்துவிடுறா பாருங்க, ஒவ்வொரு கையா மாறி வருது. காலை மாத்திரைய மறந்துட்டேன்ல. மறந்தாலும் அவ விடமாட்டா. வாங்கிக் குடுங்க சார். இந்தக் கவருதான். வெள்ளைதான் வேணாம்னாங்க, மஞ்சள் போடலாம்ல, அது வேற மாத்திரை.

ஏன் கையைப் பிடிக்கிறீங்க?

பாருங்க, தாராளமாப் பாருங்க. கண்ணாடி போட்டிருக்கீங்க, ஒங்களுக்கு அந்த எறும்பெல்லாம் எழுத்தாத் தெரியும். இது கவர்மெண்டு அட்டை. இது மச்சானோட அட்டை.

கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு?

ரெண்டுலயுமா?

நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். கலர் வேறல்ல. அது உருண்டை, இது நீட்டம். கம்பெனி பேரு வேற, மருந்து ஒண்ணுங்கிறீங்களா? இதுல நம்பர் என்ன, அதைவிடப் பெருசா? அப்ப நான் ஒரு நாளைக்கு ரெண்டு, அப்புறம் மூணுன்னு முழுங்கியிருக்கேன். ஒண்ணு முழுங்க வேண்டிய எடத்துல, ஒண்ணரை மாசமா.

இது சதையக் கெடுத்து வலிக்கவைக்குமா? யாருக்குச் சொன்னாங்க? ஒங்க அக்காவுக்கா? அவங்களுக்கும் தொடைதானா.

சரி. முழுங்கல. இந்தா, அட்டைக்குள்ளயே வச்சுட்டேன். அவ பாக்குறா, சும்மா தண்ணிய மட்டும் குடிச்சுக்கிறேன். எல்லா அட்டையையும் டாக்டருகிட்டக் காமிக்கணும், வலி மாத்திரையையும் சொல்லணும், ஒண்ணையும் மறைக்கக் கூடாது. சரி. சொல்றேன்.

அப்ப மச்சான் நிக்கல. காலைப் பிடிச்சு யாரும் இழுக்கல. அந்தக் கோழி பாட்டுக்கு அது வடை தின்னுக்கிட்டுத் திரியுது. நான் சந்தோசப்படணும்ல சார் இப்ப?

ஒண்ணு கேக்குறேன். ஒங்க அக்கா என்ன செஞ்சாங்க? டாக்டருகிட்டச் சொன்னாங்களா. வலிக்குதுன்னு சொன்னதும் அளவைக் குறைச்சு, வேற மாத்திரை மாத்திக் குடுத்தாரா. இப்ப நல்லா இருக்காங்களா. கோயிலுக்கெல்லாம் நடந்து போறாங்களா.

சொன்னாப் போதுமா. வலிக்குதுன்னு சொன்னாப் போதும்.

அவன் சொன்னான் சார். என்கிட்டத்தான் சொன்னான். தொடை வலிக்குதுன்னான், தோள் கனக்குதுன்னான். முத்துப்பேச்சிகிட்டச் சொன்னான். எல்லாருகிட்டயும் சொன்னான். நாங்கதான் சிரிச்சோம். எறநூறு பேரு முன்னாடி தவந்து போனவன், அதுக்கப்புறம் யாருகிட்டப் போயிச் சொல்லுவான்? டாக்டருகிட்டக் கூட வெக்கப்பட்டிருப்பான். மாத்திரைய விட்டா வலி போகுதுன்னு கண்டுபிடிச்சு, கமுக்கமா விட்டுருக்கான். காதுகுத்துக்கு மறுநாள்ல இருந்து. முத்துப்பேச்சி அழுது சொல்லுச்சே, அன்னைக்கே என் காதுல விழுந்துச்சே.

பேய்னா நல்லாயிருந்திருக்கும் சார். கோழிக்காக வந்தான்னா, ஒரு கோழியோட போயிரும்.

இல்ல, அழுகல. வேர்க்குது. அவ திரும்புறா பாருங்க. நீங்க கொஞ்சம் சிரிங்க, எனக்கு இப்ப வரமாட்டேங்குது. நான் ஏதோ சொல்லி நீங்க சிரிக்கிறமாதிரி இருக்கட்டும். ம். போதும்.

அவ கையால எடுத்துக் குடுத்தா சார், வெளக்கு வச்சதும் வெள்ளை ஒண்ணு மஞ்சள் ஒண்ணு. அண்ணன் முழுங்காம விட்டதை எனக்கு எண்ணி எண்ணிக் குடுத்தா. இதையெல்லாம் அவகிட்ட எப்படிச் சொல்ல? கோழிய நான்தான் அவுத்தேன்னு சொல்லலாம், திட்டுவா, விட்டுருவா. மைக்கைச் சொல்ல முடியாது. மைக்க அவளும் பாத்தா. அவளும் சிரிச்சா.

காளவாசல் வந்துருச்சா. இங்கதான் எறங்கணும், இங்க இருந்து ஆட்டோ பிடிச்சுக்கலாம்னா. அவ எந்திரிச்சு வாசப்படிக்கிட்டப் போயிட்டா. நானும் எந்திரிக்கணும். பையக் குடுங்க, அட்டையெல்லாம் உள்ள இருக்குல்ல. இருக்கு.

இந்தக் கம்பி எட்டல. காலு வரமாட்டேங்குது. முன்னாடி இருக்கிறவங்க பாக்குறாங்க, கண்டக்டர் விசிலை வாயில வச்சுக்கிட்டுப் பாக்குறாரு. ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம்னா ஒண்ணும் தோணல.

சார், அண்ணே. நான் கையை நீட்டுறேன். சிரிக்கிறதா இருந்தா சிரிச்சுக்கங்க, ஆனா கை குடுங்க.